மரக்குடிசைத் தலைவரும் என் மகனும்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். துபாய்க்குப் பக்கத்தில் அஜ்மானில் ஒரு தச்சுப் பட்டறை தொடங்கி, இன்று மூன்று பட்டறைகளுக்கு முதலாளி. அடிமைகளை விடுவித்த அந்த அமெரிக்கத் தலைவரின் கதையை எனக்கு வாசித்துக் காட்டியவன் என் மகன்தான். சின்ன வயதில் பள்ளிக்குப் போகும் வழியில், என் பிக்கப் வண்டியில் உட்கார்ந்து வாசிப்பான். மரக்குடிசையில் பிறந்து, கோடரி பிடித்து, யார் தயவும் இல்லாமல் நாட்டையே ஆண்டவராம். என் கதையும் அதேதான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். சொல்ல எனக்குத் தகுதி இருந்தது.

போன மாதம் துபாயில் மகன் ஃபர்னிச்சர் ஷோரூம் திறந்தான். அங்கிருந்த கட்டில், அலமாரி எல்லாம் என் பட்டறையில் செய்தவை. மைக்கைப் பிடித்து அதே தலைவரின் கதையைச் சொல்லிவிட்டு, “அவரை மாதிரி நானும் யார் தயவும் இல்லாம வந்தவன்” என்றான். எல்லோரும் கை தட்டினார்கள்.

பக்கத்தில் நின்ற மருமகளிடம், “அந்தத் தலைவரோட அத்தா என்ன ஆனாரு?” என்று கேட்டேன்.

அவள் போனில் தேடினாள். “அவரு தச்சராம் மாமா. தன் பேரை மட்டும்தான் கிறுக்கத் தெரியுமாம். அவரு மவுத்தாகி அடக்கம் பண்ணப்பகூட மகன் போகலையாம்.”

இந்தப் பகுதியை மகன் எனக்கு வாசித்ததே இல்லை.

“அத்தா, யல்லா, போட்டோவுக்கு வாங்க!” என்று கூப்பிட்டான்.

“யார் தயவும் இல்லாதவன்தானே, தனியா நின்னு எடுத்துக்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாசலில் என் பட்டறை லாரியிலிருந்து இன்னும் சோபா இறக்கிக்கொண்டிருந்தார்கள்.