மவுஸுக்கு வைத்த சந்தனப் பொட்டு

நான் வேலை பார்த்த முதல் கம்ப்யூட்டருக்குக் கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அதைப் போல ஒரு நல்ல பிறவியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. குடும்பத்திலேயே அப்படி ஓர் ஆள் கிடைப்பது கஷ்டம்.

பெங்களூர் பொம்மனஹள்ளியில், ஹோசூர் ரோட்டை ஒட்டி, ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். ஏதோ ஒரு தூர தேசத்தில் பத்திரிகைச் சந்தா கேட்டு மக்கள் கையால் எழுதிய கூப்பன்கள் மூட்டை மூட்டையாக எங்களிடம் வந்து சேரும். பெயர், தெரு, ஊர், மாநிலம், எந்தப் பத்திரிகை என்று பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். நாங்கள் பதினோரு பெண்கள். எல்லோரும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். இடது கையால் கூப்பனைப் புரட்டுவோம், கண் கூப்பனை விட்டு நகராது. திரையில் என்ன தெரிகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. தப்பாக அடித்தால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும், அப்போதுதான் நிமிர்வோம். ஒரு கூப்பன் முடிந்தால் எஃப் பத்து. அந்த ஒரே சாவியில் எல்லாம் பத்திரமாகிவிடும். பதினோரு பேர் சேர்ந்து அடிக்கும்போது அறை முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை பெய்கிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருப்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். தன் சர்ச்சில் யார் யாரோடு பேசுவதில்லை, எந்தக் கல்யாணத்தில் பிரியாணி பற்றவில்லை என்பதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டே மணிக்கு நூற்றிருபது கூப்பன் அடிப்பார். நானும் சிரித்துக்கொண்டே நூற்றிருபது அடிப்பேன்.

திருப்பத்தூரிலிருந்து நான் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முன்பின் தெரியாத ஊருக்குப் பெண்ணைத் தனியாக அனுப்பிய முதல் ஆள் எங்கள் தெருவில் அப்பாதான். அதற்காக அவர் கேட்ட பேச்சு கொஞ்சமில்லை. எனவே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் இருக்கலாம், வேறு எந்த வேலையில் தள்ளினாலும் மறுநாளே பஸ் ஏறிவிட வேண்டும். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தேன். இப்போது எனக்குப் போக மனமில்லை. ஹாஸ்டலில் மூன்று பேருக்கு ஓர் அறை, சனிக்கிழமை சாயங்காலம் மசால் தோசை, அக்டோபரிலேயே ஸ்வெட்டர் போடுகிற குளிர், என்னை யாருடைய மகள் என்று கேட்காத தெருக்கள். பெங்களூரை விட்டுப் போவதை நினைத்தாலே அழுகை வந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கம்ப்யூட்டர்களை மாற்றினார்கள். இரண்டாயிரம் பிறக்கப் போகிறது, பழைய சிஸ்டத்துக்குத் தேதி குழம்பிவிடும் என்று காரணம் சொன்னார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை பச்சை எழுத்தை அணைத்துவிட்டுப் போனோம். திங்கள்கிழமை வந்து பார்த்தால் திரையெல்லாம் நீல வானம், மேகம், குட்டிக் குட்டிப் படங்கள். ஒவ்வொரு மேஜையிலும் வாலோடு ஒரு மவுஸ்.

புது சிஸ்டத்தைப் போட்டவர் கோயம்புத்தூர்க்காரர். இளைஞர், சட்டை கசங்காது. இனிமேல் எல்லாம் சுலபம், படத்தைப் பார்த்து அமுக்கினால் போதும் என்று விளக்கினார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு எதற்குப் படம் என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்ப்யூட்டரை நிறுத்த வேண்டுமென்றால் 'ஸ்டார்ட்' என்று எழுதியிருப்பதை அமுக்க வேண்டுமாம். இதைக் கண்டுபிடித்தவர் வீட்டில் வாசல் வழியாக யாரும் நுழைய மாட்டார்கள் போலிருக்கிறது. எதைச் செய்தாலும் நிச்சயமாகவா, நிச்சயமாகவா என்று ஒரு பெட்டி எழுந்து நின்று கேட்டது. எஃப் பத்து செத்துவிட்டது. ஒரு கூப்பனைப் பத்திரப்படுத்த, சாவிப்பலகையிலிருந்து கையை எடுத்து, மவுஸைப் பிடித்து, அம்புக்குறி எங்கே போனது என்று தேடி, அதை இழுத்து வந்து 'சேவ்' மேல் நிறுத்தி அமுக்க வேண்டும். மாநிலத்தின் பெயரைக்கூட அடிக்க முடியாது. நீளமாக ஒரு பட்டியல் விழும், அதில் போய்ப் பொறுக்க வேண்டும். அக்காவின் மவுஸ் அடிக்கடி மேஜை விளிம்பு வரை ஓடிக் கீழே விழும். பேசுவதையே அவர் நிறுத்திவிட்டார். மழைச் சத்தம் போய், அறையில் பல்லி கத்துவது போல மவுஸ்களின் டிக் டிக் மட்டும் கேட்டது.

நூற்றிருபது அடித்த நான் எழுபதில் வந்து நின்றேன். இரண்டு வாரம் எவ்வளவு முட்டி மோதியும் எழுபத்தைந்தைத் தாண்டவில்லை. அப்போது மானேஜர் எங்களைக் கூப்பிட்டார். அவர் கன்னடக்காரர், சாது, நெற்றியில் எப்போதும் குங்குமம் இருக்கும். தசரா லீவு முடிந்து வருகிற முதல் நாள் காலை பத்து மணிக்கு ஒரு மணி நேரம் வேகப் பரீட்சை என்றார். வேலை கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்கள் அன்றைக்கே எண்ணிக்கையைக் கேட்கிறார்களாம். நூறுக்குக் கீழே இருப்பவர்கள் கீழ்த்தளத்தில் மூட்டை பிரித்துக் கூப்பன் அடுக்கப் போக வேண்டும். அதைச் சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தார்.

கீழ்த்தளம் என்றால் கம்ப்யூட்டர் இல்லை. கம்ப்யூட்டர் இல்லையென்றால் திருப்பத்தூர்தான்.

ஆயுத பூஜை, விஜயதசமி இரண்டு நாளும் லீவு என்பதால் முந்தின நாள் மத்தியானமே ஆபீஸில் பூஜை. அந்த ஊரில் எந்த ஆபீஸிலும் இதில் குறை வைக்க மாட்டார்கள். வாசலில் வாழைக்கன்று, கதவில் மாவிலை, பூசணிக்காய், பொரி கடலை. அக்கா கிறிஸ்தவர்தான், ஆனால் வருகிற வழியில் மார்க்கெட்டில் இறங்கிப் பேரம் பேசி இரண்டு கூடை சாமந்தி கொண்டுவந்தது அவர்தான். மற்றவர்கள் பொரியைப் பொட்டலம் கட்ட, கம்ப்யூட்டர்களுக்குப் பொட்டு வைக்கிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மானிட்டருக்கு வைத்தேன், சாவிப்பலகைக்கு வைத்தேன். மவுஸ் மிச்சமிருந்தது. அதன் மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்ததோ அவ்வளவு பயமும் இருந்தது. என் பிழைப்பே அதன் கையில். சும்மா முதுகில் ஒரு பொட்டோடு விட்டுவிட மனம் வரவில்லை. திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு ரப்பர் உருண்டை இருந்தது. ஓடுவதெல்லாம் இதனால்தானே என்று தோன்றியது. வண்டிக்கு டயரில் பொட்டு வைக்கிறோம், இதற்கு உருண்டையில் வைப்பதுதானே முறை? சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, உருண்டை மேல் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். புது வண்டியை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி முன்னே நகர்த்துவார்களே, அதே மாதிரி ஒவ்வொரு மவுஸையும் மூன்று முறை முன்னும் பின்னும் ஓட்டினேன். பதினோரு மவுஸுக்கும் செய்தேன். மனசார வேண்டிக்கொண்டுதான் செய்தேன். பூஜை போட்ட ஆயுதத்தை மறுநாள் முடியும்வரை யாரும் தொடக்கூடாது அல்லவா, எல்லாவற்றையும் அணைத்துப் பூ வைத்துவிட்டு வந்தோம்.

லீவு முடிந்து காலை ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்தோம். என் மவுஸ் நகரவில்லை. அதாவது மவுஸ் நகர்ந்தது, அம்புக்குறி நின்ற இடத்திலேயே நின்றது. அக்காவுடையதும் அப்படியே. வரிசையாகப் பதினோரு பேரும் மவுஸைத் தட்டிக்கொண்டிருந்தோம். கோயம்புத்தூர்க்காரர் ஓடி வந்தார். ஒன்றைத் திருகித் திறந்து உள்ளே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். உருளைகளெல்லாம் சந்தனத்தில் சிமெண்டு பூசினாற்போல இறுகிக் கிடந்தன. குண்டூசியால் சுரண்டத் தொடங்கினார். ஒன்றைச் சுத்தம் செய்யவே அரை மணி நேரமாகும் என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். ஒளிந்துகொள்ள இடமில்லை, எழுந்து நின்று, நான்தான் வைத்தேன் என்று மானேஜரிடம் சொன்னேன். உருண்டையிலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஏன் என்றார். டயருக்கு வைக்கிற மாதிரி என்றேன். அவர் நெற்றியைத் தடவினார்.

"பூஜேக்கே ஹேகம்மா பய்யோது?" என்றார் கடைசியில். பூஜை செய்ததற்கு எப்படித் திட்டுவது என்று அந்த மனிதருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஆனால் பரீட்சையைத் தள்ளி வைக்க முடியாது, எண்ணிக்கை போயாக வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

நான் நாற்காலியில் விழுந்தேன். என் வேலையோடு பத்துப் பேர் வேலைக்கும் சேர்த்து உலை வைத்துவிட்டேன். அழக்கூடாது என்று, கம்ப்யூட்டரைப் போட்டதுமே தானாக வந்து நிற்கும் கூப்பன் படிவத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரமாக அந்த அம்புக்குறியைத் தவிர வேறெதையும் நான் சரியாகப் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன். 'சேவ்' என்ற சொல்லில் முதல் எழுத்துக்கு மட்டும் அடியில் ஒரு கோடு. பக்கத்துப் பொத்தானிலும் ஒரே ஓர் எழுத்துக்குக் கோடு. டைப்ரைட்டரில் ஓர் எழுத்துக்குக் கோடு போடுவது லேசான வேலையில்லை. பின்னால் தள்ளி, ஷிஃப்டைப் பிடித்து, தனியாக அடிக்க வேண்டும். காரணமில்லாமல் யாரும் அந்தப் பாடு பட மாட்டார்கள்.

எஸ்ஸை அமுக்கினேன். பெட்டிக்குள் ஓர் எஸ் விழுந்தது. கன்ட்ரோலோடு அமுக்கினேன், ஒன்றுமில்லை. அதற்குப் பக்கத்தில் ஆல்ட் என்று ஒன்று எதற்கென்றே தெரியாமல் இருந்தது. அதோடு சேர்த்து அமுக்கினேன். 'சேவ்' உள்ளே போய் வெளியே வந்தது. கூப்பன் பதிந்துவிட்டது.

"அக்கா, ஆல்ட் பிடிச்சுக்கிட்டு எஸ் அடிங்க."

அக்கா அடித்தார். ஒரு கணம் திரையைப் பார்த்தார். பிறகு அந்த மவுஸை வாலைப் பிடித்துத் தூக்கி மானிட்டருக்குப் பின்னால் தொங்கவிட்டார். "சும்னே ரெண்டு வாரமா இந்தப் பீடைய மேய்ச்சுக்கினு இருந்தோம் பாரு," என்றார்.

அதற்குப் பிறகு அறையே கிளர்ந்துவிட்டது. ஒவ்வொருத்தியாக ஒன்றைக் கண்டுபிடித்துக் கத்தினாள். டேப் சாவியை அடித்தால் அடுத்த கட்டத்துக்குப் போகிறது. மாநிலப் பட்டியலில் முதல் எழுத்தை அடித்தால் பட்டியலே அங்கே போய் நிற்கிறது. நிச்சயமாகவா என்று கேட்கிற பெட்டிக்கு என்டர் தட்டினால் வாயை மூடிக்கொள்கிறது. கையில் குண்டூசியோடு நின்ற கோயம்புத்தூர்க்காரர், இதெல்லாம் இருக்கிறதென்று தனக்கே தெரியாது என்று நாணயமாக ஒப்புக்கொண்டார். அவர் சுத்தம் செய்து முடித்த ஒரே மவுஸை நீட்டினார். வாங்க ஆளில்லை.

பத்து மணிக்கு ஆரம்பித்தோம். முதல் ஐந்து நிமிடம் தடுமாற்றம். அப்புறம் கை வழக்கத்துக்கு வந்தது, கண் கூப்பனுக்குத் திரும்பியது. அந்த மழைச் சத்தம் எங்கள் தலைக்கு மேல் கொட்டத் தொடங்கியபோது எனக்குச் சிரிப்புப் பொங்கியது. அக்கா, தசரா லீவில் தன் நாத்தனார் செய்த அட்டகாசத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். இனிக் கவலையில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

என் எண்ணிக்கை நூற்று முப்பத்துநான்கு. அக்காவுடையது நூற்று முப்பத்தொன்று. பதினோரு பேரில் யாரும் நூறுக்குக் கீழே போகவில்லை. மானேஜர் தாளை இரண்டு தரம் படித்துவிட்டு, என்னைப் பார்த்து, மிச்சமிருந்த பொரிப் பொட்டலம் ஒன்றை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் எஸ்டிடி பூத்துக்குப் போனேன். எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த மருந்துக்கடைக்குப் போன் போட்டு அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன். பரீட்சை வைத்தார்கள், பாஸ் செய்துவிட்டேன், கம்ப்யூட்டரிலேயே வேலை நிரந்தரம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். சந்தனத்தை மட்டும் சொல்லவில்லை. அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அப்போ இப்போதைக்கு வர மாட்டே."

"தீபாவளிக்கு வர்றேம்ப்பா."

"நான் அதைக் கேக்கலம்மா."

அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். பத்தாவது பாஸ் செய்தபோது அவர் வாங்கிக் கொடுத்த சைக்கிள் ஒன்று வீட்டில் இருந்தது. நான் ஊரை விட்டு வந்த நாளிலிருந்து அதை யாரும் தொடக்கூடாதென்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைத்து எண்ணெய் போட்டு வைக்கிறார் என்று தங்கை கடிதத்தில் புலம்பியிருந்தாள்.

"என் சைக்கிளைத் தங்கச்சிகிட்டக் குடுத்துடுங்கப்பா," என்றேன்.

அந்தப் பக்கம் மருந்துக்கடையில் யாரோ தலைவலி மாத்திரை கேட்பது காதில் விழுந்தது.

"அவளுக்குக் கால் எட்டாதே," என்றார் அப்பா. "சீட்டை இறக்கணும். நாளைக்கு இறக்கிடறேன்."