தவராசா அண்ணை எழுதிவைத்த கார்டு

திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து விளக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி பன்றி இறைச்சி வைத்த ரொட்டியை மென்றபடி உள்ளே வந்தார். "இங்கே பட்டறையில் இருந்தானே உன் ஊர்க்காரன், அவன் போய்விட்டானாம். மாரடைப்பு" என்று வாய் நிறைய ரொட்டியோடு சொன்னார். பிறகு, "உங்கள் ஆட்களுக்கு என்ன பூ அனுப்புவது வழக்கம்?" என்று கேட்டார். உதட்டோரத்தில் சாஸ் ஒட்டியிருந்தது. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

தவராசா அவர்கள் என் ஊர்க்காரர் அல்ல. அவர் யாழ்ப்பாணம், நான் மதுரை. கிழக்கு லண்டனில் வேட்டைத் துப்பாக்கிகளை விற்றுப் பழுதும் பார்க்கும் இந்தக் கடையில் நான்கு ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் முன்னால் கவுண்டரில், அவர் பின்னால் பட்டறையில். ஜெர்மனியில் லேத் வேலை செய்தவர். உறவினர்கள் இங்கே இருந்ததால் மனைவி யோகம் அக்காவோடு பக்கத்துக் குட்மேய்ஸில் வந்து குடியேறினார். இந்த வேலைக்கான போலீஸ் விசாரணை முடியவே மாதக்கணக்கில் காத்திருந்ததாகச் சொல்வார். முதலில் அவரை நான் சார் என்றுதான் அழைத்தேன். "சாரெண்டு கூப்பிட்டா நான் திரும்பிப் பாக்கமாட்டன், தங்கச்சி" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் அண்ணை.

அவருடைய வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். துப்பாக்கியைத் தோளில் தொங்கவிட வார் வேண்டும். அந்த வாரை மாட்டுவதற்கு, குழலைத் தாங்கும் கட்டையின் அடியில் முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாகச் சின்ன இரும்புக் குமிழ்களைப் பொருத்துவார்கள். ஸ்டட் என்போம். மரக்கட்டையில் திருகினால் அது பிடித்துக்கொள்ளும். அப்போது நிறைய வரத் தொடங்கியிருந்த பிளாஸ்டிக் கட்டைகளில் பல, வெளியே பார்க்கத்தான் கெட்டி. பின்பாதி உள்ளே வெறும் பொள்ளல். அதில் அப்படியே திருகினால் கொஞ்ச நாள் நிற்கும், பிறகு பாரம் இழுத்துப் பிடுங்கிக்கொண்டு வரும். அண்ணை பின்பக்க ரப்பரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பார். நடுக்கோட்டைப் பென்சிலால் போடுவார். ட்ரில் ஊசியில் ஆழத்துக்கு அடையாளமாக டேப் சுற்றுவார். பொள்ளலாக இருந்தால் இரண்டு பசைகளைக் கலந்து உள்ளே ஊற்றி, அது கல்லாக இறுகிய பிறகுதான் துளை போடுவார். திருகுவது கையால்தான்.

வேறெங்கோ பொருத்தி ஆடிக்கொண்டிருந்த ஸ்டட் ஒன்றை அவர் கழற்றியபோது பக்கத்தில் நின்றேன். இரண்டு விரலால் பிடித்து, செத்த கரப்பான் பூச்சியைத் தூக்குவது போலத் தூக்கிக் குப்பையில் போட்டார். "உதெல்லாம் ஒரு வேலையோ? அருவருப்பாக் கிடக்கு."

துப்பாக்கியையும் அவருக்குப் பிடிக்காது. ஒவ்வொன்றையும் முடித்தபின் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். பட்டறைக்குள் சாப்பிடமாட்டார், மழை பெய்தாலும் பின்வாசலில் நின்றுதான். இடது காதுக்குப் பின்னால் ஒரு நீளத் தழும்பு இருந்தது. ஒருநாள் கேட்டுவிட்டேன். "பிடங்காலை அடிச்சவங்கள்" என்றார். துப்பாக்கியின் பின்கட்டைக்கு அவர்கள் ஊரில் அதுதான் பெயர். யார் அடித்தது என்றேன். "ஆர் அடிச்சா என்ன, பிடங்கு ஒண்டுதான்."

"அப்புறம் ஏன் அண்ணை இந்த வேலை?"

"வந்த இடத்திலை கிடைச்ச வேலை. சுடுறவன் சுடட்டும், அது அவன்ரை பாவம். நான் போட்டது கழண்டு விழுந்து ஒருத்தனுக்குப் பட்டா அது என்ரை பாவம். அதை மட்டும் நான் சுமக்கமாட்டன்."

அந்தப் பாவத்தைத்தான் அவர் தலையில் கட்டினார்கள். கட்டியவர்களில் நானும் ஒருத்தி.

அது ஒரு குளிர்காலம். மான் வேட்டைக்குப் போகும் குழு ஒன்று எட்டுத் துப்பாக்கிகளைக் கொண்டுவந்தது. எட்டும் பிளாஸ்டிக் கட்டை, எட்டும் பொள்ளல். அண்ணை வியாழன் மாலை பசையை ஊற்றிவிட்டு, வேலைக் கார்டில் பெரிய எழுத்தில் எழுதி என்னிடம் தந்தார். பட்டறையில் ஹீட்டர் பழுது, அந்தக் குளிருக்குப் பசை இறுகத் திங்கள் ஆகும் என்றார். மறுநாள் வெள்ளி. அவர் நேரத்தோடு ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். அவர் போனதும் வேட்டைக்காரர்கள் வந்து நின்றார்கள். முதலாளி கார்டைப் படித்தார். சிரித்தார். பேட்டரி ட்ரில்லை எடுத்து, அரைகுறையாக இறுகிய பசைக்குள் பின்பக்க ஸ்டட்கள் எட்டையும் தானே ஏற்றினார். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. "இதைத் தூக்கிப் போடு" என்று கார்டை என்னிடம் நீட்டினார். நான் அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் கிழிக்கவில்லை என்று கேட்டால் எனக்கே தெரியாது.

அடுத்த வாரமே ஒன்று கழன்றது. மானுக்காகக் காத்திருக்க மரத்தில் கட்டிய ஏணியிலிருந்து ஒருவர் இறங்கும்போது துப்பாக்கி தோளிலிருந்து நழுவி, கீழே நின்றவரின் முகத்தில் விழுந்தது. நல்ல வேளையாக உள்ளே குண்டு இல்லை. அவருக்கு முன்பற்கள் இரண்டு போயின.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கழன்ற ஸ்டட் மேசைமேல் கிடந்தது. "இது உன் வேலை" என்று அண்ணையிடம் சொன்னார். அண்ணைக்கு எந்தப் பதற்றமும் இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, அந்தக் கார்டை ஒருக்காக் காட்டுங்கோ."

என் கணவரின் ஐ.டி. ஒப்பந்தம் முடிந்து அவர் வீட்டில் உட்கார்ந்திருந்த காலம் அது. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியது அதுதான் என்பதற்காகச் சொல்கிறேன். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார்டு எதுவும் இல்லையே" என்றேன்.

கைப்பை என் மடியில்தான் இருந்தது.

அண்ணை கத்தவில்லை. மடியிலிருந்த பையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். கழன்ற ஸ்டட்டைப் பார்த்த அதே பார்வை. "சரி, மேடம்" என்றார். அதுவரை அவர் என்னை மேடம் என்று அழைத்ததே இல்லை. பட்டறைக்குப் போய், முழங்கை வரை கை கழுவி, சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார்.

முதலாளி அன்றே அவரை வேலையிலிருந்து நீக்கினார். அதன்பிறகு இந்தத் தொழிலில் யாரும் அவரைச் சேர்க்கவில்லை. விசாரித்தவர்களுக்கெல்லாம் பல் போன கதையை முதலாளி விலாவாரியாகச் சொன்னார். அந்தப் போன்களை எடுத்து அவரிடம் கொடுத்தவள் நான்தான். இரண்டு ஆண்டுகள் அண்ணை ஒரு மொத்தக் கடையில் அரிசி மூட்டை இறக்கினார். குட்மேய்ஸ் கடைத்தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். அங்கேயும் சிலர் அவரை "வேலை பிழைச்சுக் கலைச்சு விட்ட ஆள்" என்று, விரட்டப்பட்டவராகவே பேசினார்கள். கேட்டுக்கொண்டு வெண்டைக்காய் பொறுக்கியிருக்கிறேன். மூட்டை இறக்கும்போதுதான் அவருக்கு நெஞ்சு வலி வந்தது.

தகனத்துக்கு முதலாளி கறுப்பு டை கட்டிக்கொண்டு, வெள்ளை லில்லிப் பூக்களோடு வந்தார். "என் பட்டறையின் தூண். அவர் கையில் பிழை என்பதே வராது" என்று ஒலிபெருக்கியில் பேசினார். கூட்டம் தலையாட்டியது. பிழையே செய்யாத மனிதரை எதற்கு விரட்டினாய் என்று கேட்க அங்கே ஒரு ஆளுக்குத் தெரியும். அந்த ஆள் பின்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எல்லோரும் கலைந்தபின் யோகம் அக்காவிடம் போனேன். கைப்பையிலிருந்து கார்டை எடுத்தேன்.

"வசந்தா தானே நீங்கள்?"

"ஆமாக்கா."

"அந்தக் கார்டோ?"

"ஆமாக்கா. என்னை மன்னிச்சிருங்க. இதை நீங்க..."

அக்கா கையை நீட்டவில்லை. "ஒருநாள் நீங்கள் இதைக் கொண்டு வருவியள் எண்டு அவர் சொன்னவர். வாங்காதை எண்டும் சொன்னவர்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மண்டபத்திலை சாப்பாடு இருக்கு, சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். நான் சாப்பிடவில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு வீட்டார் அச்சிடும் கல்வெட்டு என்னும் நினைவு மலரில் எல்லோரும் அவரைப் பற்றி எழுதுகிறார்கள். என்னிடம் கேட்கவில்லை, அது நியாயம்தான். அதனால் இந்தத் தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். கார்டின் பிரதி ஒன்றைப் பல் போனவருக்கு அனுப்பியாயிற்று, இன்னொன்று முதலாளியின் மேசையில் இருக்கிறது. நாளை எனக்கு வேலை இருக்காது. இதனால் நான் நல்லவளாகிவிட மாட்டேன். என் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கிறது.

அண்ணை ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ் இது: "எட்டுக் கட்டையும் உள்ளே பொள்ளல். பசை ஊற்றியிருக்கிறேன். திங்கள் வரை இறுகாது. அதுவரை ஸ்டட் பொருத்தவோ கொடுக்கவோ கூடாது." கீழே அவருடைய கையெழுத்து. ஓரத்தில் பசை பட்டு இறுகிய கட்டைவிரல் ரேகை ஒன்று இன்னும் அப்படியே இருக்கிறது.

போய் வாருங்கள், அண்ணை. நீங்கள் கேட்ட அன்று சொல்லாததை இப்போது எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன்.

கார்டு இருந்தது.