உசிலம்பட்டி போகும் வழியில் இருமிய வண்டி

எண்பதுகளின் தொடக்கம். ஆயுத பூஜை முடிந்த வாரம், என் மகளுக்கு உசிலம்பட்டிப் பள்ளி ஒன்றில் சயின்ஸ் டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிப் போய்க்கொள்கிறேன் என்றுதான் சொன்னாள். படிக்கட்டில் தொங்கும் கூட்டத்தை நினைத்து நான்தான் விடவில்லை. கோச்சடையிலிருந்து என் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். அவளைவிட வயதில் மூத்த வண்டி. பூஜைக்குக் குளித்து, சந்தனமும் குங்குமமுமாய்ப் புது மாப்பிள்ளை போல இருந்தது.

நாகமலைப் பக்கம் போகும்போது திக்கித் திக்கி இருமியது. சைலன்ஸரில் டப்பென்று ஒரு வெடி. நடுரோட்டிலேயே நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி ஹாரனை அலறவிட்டு, எங்களை உரசாத குறையாகக் கடந்துபோனது. அந்தக் காற்று சட்டையை இழுத்தது இன்னும் என் உடம்பில் இருக்கிறது.

ஓரத்துக்குத் தள்ளிவந்து டேங்க் மூடியைத் திறந்தேன். பெட்ரோல் இருந்தது. பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மாட்டினேன். ஒரே உதையில் கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் மறுபடி அதே இருமல், அதே வெடி. மறுபடி மூடியைத் திறந்து பார்த்தேன், வேறு பிளக் மாட்டினேன். ஓடியது. செக்கானூரணிக்கு முன்னால் மறுபடி நின்றது.

வந்த வழிக்கே வண்டியைத் திருப்பினேன். "வேணாம்மா, திரும்பிருவோம். வேற இன்டர்வியூ வராமலா போகும்?"

"திரும்புறதுக்கும் இதுதானப்பா ஓடணும்?" என்றாள். "பின்னாடி உக்காந்து பாத்துக்கிட்டேதான் வாரேன். ஒவ்வொரு தடவையும் முதல்ல மூடியத் திறக்குறீங்க. பிளக்க விட்டுட்டு அத மட்டும் திறந்து மூடுங்க, பாப்போம்."

திறந்தேன். புஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. மூடிவிட்டு உதைத்தேன், ஓடியது!

அந்த மூடியின் நடுவில் காற்றுப் போக ஒரு பொடித் துளை உண்டு. அதன்மேல் கட்டியாகக் காய்ந்து கிடந்தது சந்தனப் பொட்டு. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படி இன்ஜினுக்கு இறங்கும்?

"யாரு வச்சது?"

"நான்தான்," என்றாள். "நடுவுல அம்புட்டு அழகா ஒரு குழி. பொட்டு வைக்கத்தான் விட்டிருக்காங்கன்னு நெனச்சேன்."

கொண்டை ஊசியால் அவள் குத்திக் குத்தி எடுக்க, ரோட்டோரம் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சைக்கிளில் போனவர் காலூன்றி, "என்னண்ணே, வண்டி மக்கரா?" என்றார்.

"இல்லண்ணே, சாமி கும்பிட்டது கூடிப்போச்சு," என்றேன்.

அவள் பெயரைக் கூப்பிடும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். வெளியே வரும்போது அவள் முகமே சொல்லிவிட்டது.

"ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொன்னாங்கப்பா. காற்றழுத்தம் நடத்தினேன். நம்ம டேங்க்கத்தான் உதாரணம் சொன்னேன். திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாங்க!"

திரும்பும்போது வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை. ஆனால் பின்னால் ஹாரன் கேட்கும்போதெல்லாம் நான் ஓரம் கட்டி நின்றுகொண்டேன்.

"வண்டி நல்லாத்தான் ஓடுது," என்றாள் முதுகுக்குப் பின்னாலிருந்து. "இப்ப நீங்கதாம்ப்பா மக்கர்."