றூல்ஸ் பாலாவும் ஒரு மீற்றர் பெட்டியும்

வீட்டுக்காரர் "வாங்கோ, இருங்கோ" என்று சொல்லி முடிப்பதற்குள் பாலேந்திரன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மின்பெட்டியின் முன்னால் போய் நிற்பார். வலது கையைத் திருப்பி, புறங்கையால் அதன் தகரக் கதவை ஒருமுறை தொடுவார். சுகம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். கசிவு இருக்கும் இடத்தை உள்ளங்கையால் தொட்டால் விரல்கள் தாமாக மடங்கி அதையே பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் உதறிக்கொண்டு தப்பிவிடும். ஒஸ்லோவில் முப்பத்தொரு வருடம் மின்வேலை செய்த கை இப்போது எதையும் அப்படித்தான் தொடுகிறது: தேநீர்க் கோப்பை, கோயில் மண்டபத்துக் கதவுப்பிடி, கடையில் அடுக்கிய மாம்பழம். "எனக்குக் காய்ச்சல் எண்டாலும் இப்பிடித்தான் தொட்டுப் பாக்கிறவர்" என்பார் மனைவி சிவரஞ்சினி.

ஐம்பத்தொன்பது வயது. மெலிந்த ஆள். தேநீரை நின்றபடியே குடிப்பார். சுவிட்சுப் பலகைகளின் திருகாணிப் பிளவுகள் எல்லாம் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும் அவருக்கு. "படுத்திருந்தா தூசி தங்கும்" என்பார். கலியாண வீட்டில் தாலி கட்டும் நேரம், எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, பாலேந்திரன் பின்சுவரில் ஒரு குரோனர் நாணயக் குற்றியால் திருகாணியை நிமிர்த்திக்கொண்டிருந்ததைப் பலர் கண்டிருக்கிறார்கள்.

ஊர்ச்சனம் வைத்த பெயர் றூல்ஸ் பாலா. காரணம் மீற்றர். ஒஸ்லோத் தமிழர் வீட்டைப் பெருப்பிக்காமல் இருக்கமாட்டார்கள். சமையலறை காணாது, சாமியறை இல்லை, மருமகள் வரப்போகிறாள். எந்தப் பக்கம் சுவரை இடித்தாலும் மீற்றர் பெட்டி குறுக்கே நிற்கும். லண்டனில் இருக்கும் அவருடைய தமையன் மகன் சயூரன் வீட்டில் எரிவாயுவுக்கு வேறொரு மீற்றர் இருந்ததாம். இரண்டையும் நகர்த்தி முடிக்க அரை வருடம் போனதாம். "இஞ்சை ஒண்டுதானே, சந்தோசப்படுங்கோ" என்பார் பாலேந்திரன். மீற்றர் வீட்டுக்காரருடையதல்ல, மின்சாரக் கம்பனியுடையது. அதற்கு முத்திரைக் கம்பி கட்டியிருக்கும். பொறுப்பாளர் ஒருவர் கையெழுத்திட்டு விண்ணப்பிக்க வேண்டும், கம்பனி திகதி தரவேண்டும். அதுவரை ஒருவரும் தொடக்கூடாது.

"அண்ணை, ஆறடி தள்ளிறதுதானே?" என்று கேட்பார்கள்.

"தள்ள ஒரு பின்னேரம் காணும். கடதாசிக்கு ஆறு கிழமை."

நண்பர் கிளெமென்ற் நடத்தும் சிறிய மின்வேலை நிறுவனத்தில் அந்தப் பொறுப்பாளர் கையெழுத்து பத்தொன்பது வருடம் பாலேந்திரனுடையதாக இருந்தது. தெருவோர மின்பெட்டியின் சாவியும் அவரை நம்பிக் கொடுத்திருந்தார்கள். முகத்துக்கு அஞ்சாதவர் என்று கோபித்துக்கொண்டு போனவர்கள்கூட, அடுத்த வேலைக்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

அந்தக் கையெழுத்தைப் போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் இழந்தார். இடம், பியோர்ண்டாலில் மைத்துனன் இந்திரகுமாரின் வீடு. சிவரஞ்சினியின் ஒரே தம்பி. கொம்யூன் எனப்படும் நகரசபையில் வேலை. புதுச் சமையலறை கட்டி முடிந்திருந்தது. பழைய வீட்டுக்கும் அதற்கும் நடுவே, இடிக்கப்படாத ஒரு துண்டுச் சுவரில், மீற்றர் பெட்டி மட்டும் தனியே நின்றது. ஞாயிறு காலை ஆறு பன்னிரண்டுக்குப் பால் காய்ச்ச ஐயர் நேரம் குறித்துக் கொடுத்திருந்தார். நூற்றிருபது பேருக்குச் சொல்லியாயிற்று. கம்பனியின் திகதி அதற்குப் பதினாறு நாள் கழித்து. அதுவரை புதுச் சமையலறைக்கு மின்சாரமும் இல்லை.

பாலேந்திரன் வழி சொல்லாமல் இல்லை. பழைய பக்கத்திலிருந்து வயர் இழுத்து மின்னடுப்பு ஒன்று வைக்கலாம் என்றார். முகாம் போகிறவர்களின் சின்ன எரிவாயு அடுப்பில் காய்ச்சலாம் என்றார்.

"அத்தான், நாங்கள் என்ன கூடாரமோ அடிச்சிருக்கிறம்?" என்றான் இந்திரகுமார். "சனம் உள்ளுக்கு வரேக்கை வாசலுக்கு நடுவிலை மீற்றரெல்லோ நிக்குது. பெட்டியைச் சுத்திக்கொண்டோ குடிபுகுறது?"

அவர் முத்திரைக் கம்பியைக் காட்டினார். பேசியது சிவரஞ்சினி. "ஊரெல்லாம் செய்து குடுக்கிறியள். என்ர தம்பிக்கு ஒருக்கா ஏலாதோ?"

திகதி வரவில்லை என்பது இந்திரகுமாருக்கு நன்றாகத் தெரியும். கம்பனியின் கடிதத்தை அவனேதான் கைபேசியில் காட்டினான். இந்தக் காலத்து மீற்றர், மூடியைத் திறந்தால் தானே கம்பனிக்குச் செய்தி அனுப்பும் என்பதும் பாலேந்திரனுக்குத் தெரியும். திங்கட்கிழமை தானே எழுதி ஒப்புக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டு முத்திரையை அறுத்தார். மாலைக்குள் பெட்டி வெளிச்சுவருக்குப் போய்விட்டது. துண்டுச் சுவரையும் இடித்துக் கூட்டி அள்ளிவிட்டார்கள். ஞாயிறு காலை பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

திங்கள் காலை அவர் கடிதத்தை எழுதி முடிக்குமுன் கம்பனியின் பரிசோதகர் இந்திரகுமார் வீட்டுக்குப் போயிருந்தார். இந்திரகுமார் நல்ல நோர்வேஜிய மொழியில் சொன்னான்: எல்லாவற்றுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது என்று மின்வேலைக்காரர் எங்களிடம் சொன்னார்.

தை மாதம் மின்பாதுகாப்பு அதிகாரசபையின் தீர்ப்பு வந்தது. முத்திரையை அறுத்ததற்குக் கண்டிப்பு மட்டும். வாடிக்கையாளரிடம் பொய் சொன்னதற்காகப் பொறுப்பாளர் தகுதி நீக்கம். மேன்முறையீட்டுக்கு மூன்று கிழமை தந்தார்கள். வீட்டுக்காரர் தன் வாக்குமூலத்தைத் திருத்தி எழுதினால் மறுபடி பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தது.

கிளெமென்ற் அவரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கூடவே வந்தார். இப்போது கையெழுத்து, இங்கேயே பிறந்து மின்வேலை படித்த, நிறுவனத்தின் இளையவள் ஹம்சிகாவுடையது. கெட்ட பிள்ளையல்ல. "அங்கிள், மெல்டிங் நான் அனுப்பிட்டன். நீங்க கேபிளை மட்டும் இழுங்கோ" என்று மரியாதையாகத்தான் சொல்கிறாள். மெல்டிங் என்ற அந்த விண்ணப்பத்தில் அவள் விடும் பிழைகள் பாலேந்திரனின் கண்ணில் படுகின்றன. பார்த்துவிட்டு கேபிளை இழுக்கிறார்.

முன்பு கோபித்துக்கொண்டு போன ஒருவர் கோயிலில் கேட்டார்: "என்ன றூல்ஸ், சொந்தத்துக்கு வேறை றூல்ஸோ?" பாலேந்திரன் சிரித்தார். அன்றைக்கு ஒரு திருகாணியையும் அவர் நிமிர்த்தவில்லை.

மூன்று கிழமையில் இந்திரகுமார் மூன்று தரம் "எழுதுறன் அத்தான், வாற கிழமை" என்றான். கடைசி நாள் வெள்ளி. புதன்கிழமை வேலை முடிந்ததும் பாலேந்திரன் தானே இந்திரகுமாரின் பெயரில் நான்கு வரி எழுதி எடுத்துக்கொண்டு பியோர்ண்டாலுக்குப் போனார். அனுமதி கிடைத்ததாக அவர் சொல்லவில்லை; திகதி வராதது எனக்குத் தெரியும்; நாள் தவறக்கூடாது என்று கேட்டது நான்; அன்றைக்குப் பயத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன். கீழே ஒரு கோடு, கையெழுத்துக்கு.

படலையைத் திறந்து, வெளிச்சுவரில் இருந்த பெட்டியைப் புறங்கையால் தொட்டார். பிறகு திறந்து பார்த்தார். புது நீல முத்திரை. தான் அடுக்கிய கம்பிகள் அப்படியே ஒழுங்காக இருந்தன. கதவின் உட்புறத்தில் ஒட்டிய தாளில், பொறுப்பாளர் என்ற இடத்தில், ஹம்சிகாவின் பெயர்.

இந்திரகுமார் தாளை இரண்டு தரம் வாசித்தான்.

"அத்தான், இதிலை நான் கையெழுத்து வைச்சா, நான் பொய் சொன்னதெண்டு வருமெல்லோ."

"ஓம்."

"நான் கொம்யூனிலை வேலை செய்யிறன். கட்டட அனுமதி, இன்சூரன்ஸ், எல்லாத்தையும் திருப்பிக் கிண்டுவாங்கள்."

"பயந்து சொன்னனீ எண்டுதான் எழுதியிருக்கிறன். அதுக்கு மறியல்வீட்டுக்கு அனுப்பமாட்டாங்கள்."

"உங்களுக்கென்ன, பென்சனுக்கு இன்னும் ஏழெட்டு வருசம். வேலையும் இருக்கு, சம்பளமும் வருது. எனக்கு இருவது வருசம் கிடக்கு." அவன் தாளை மடித்தான். "அக்காவோடையும் கதைச்சனான். அவவும் விளங்கிக்கொண்டா."

பாலேந்திரன் நிமிர்ந்து பார்த்தார். அன்று காலை சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டித் தந்தபோது சிவரஞ்சினி, "அவன் பாவம், சின்னப் பிள்ளையள் இருக்கு" என்றது ஞாபகம் வந்தது. அப்போது அவருக்கு எதைப்பற்றி என்று விளங்கியிருக்கவில்லை.

"அக்கா எப்ப சொன்னவ?"

"போன கிழமை."

மடித்த தாளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். அவருக்கு வைத்த தேநீர் ஆறிக் கிடந்தது. வாசலுக்கு வந்து குனிந்து, அவசரப்படாமல் இரண்டு சப்பாத்தையும் கட்டினார். இந்திரகுமார் பின்னால் வந்து நின்றான்.

"மனசிலை வைச்சிருக்காதேங்கோ, அத்தான்" என்று கையை நீட்டினான்.

பாலேந்திரன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைத் திருப்பி, புறங்கையால் அதை ஒருமுறை தொட்டார்.