லெயார்கோ வைத்த டைமிங்

பனாரோ ஆற்றுக்கு மேலே உள்ள எங்கள் மலையூர்களில் எஞ்சின் என்றால் லெயார்கோ பெர்காமினிதான். இதில் எவனுக்கும் மறுபேச்சு கிடையாது. இருந்தால் நேரில் வந்து சொல்லட்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஒரு பெட்டி ஸ்பானரை வைத்துக்கொண்டு பழைய மாட்டுக் கொட்டகையில் பட்டறை போட்டார். கீழே மொடேனா நகரத்திலிருந்து கார்ப் பந்தயக்காரர்கள் தங்கள் வண்டியை மலையேற்றிக் கொண்டுவந்து அவர் வாசலில் காத்துக் கிடந்தார்கள். அந்தப் பேர் சும்மா வரவில்லை. அவருக்கு வாய்த்த காது அப்படி.

எஞ்சினுக்குள் பொறி விழும் நேரத்தைச் சரி செய்வதுதான் டைமிங். அதற்கு மற்றவர்களைப்போல அவர் டைமிங் விளக்கைப் பிடித்துப் பார்த்ததே கிடையாது. பட்டறைக்கு மேலே உள்ள ஏற்றத்தில் வண்டியை டாப் கியரில் விடுவார். பொறி சீக்கிரமாக விழுந்தால் எஞ்சினுக்குள் தகர டப்பாவில் பட்டாணி குலுக்கியதுபோல ஒரு மெல்லிய சத்தம் எழும். நாக் அடிக்கிறது என்பார்கள். அது கேட்கிறவரை, பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிக்கொண்டே போவார். கேட்டதும் ஒரு மயிரிழை பின்னால் இழுத்து முடுக்குவார். அவ்வளவுதான் வேலை.

அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவன் வாயைத் திறக்கக் கூடாது. கை வைத்தவன் மட்டும்தான் பேச வேண்டும் என்பது பட்டறைச் சட்டம். வாலிபத்திலிருந்து கூடவே உழைத்த கூட்டாளி ஓட்டெல்லோ ஒருமுறை, "இன்னும் கொஞ்சம் பின்னால இழு" என்று சொல்லிவிட்டார். வண்டிக்காரர் முன்னாலேயே அவரை நடுரோட்டில் இறக்கிவிட்டுப் போனார் லெயார்கோ. மழையில் நடந்து வந்தார் ஓட்டெல்லோ. அதற்குப் பிறகு எந்த வண்டிக்கும் அவர் அபிப்பிராயம் சொன்னதில்லை.

அந்த ஓட்டெல்லோவுக்குத்தான் நுரையீரல் போய்விட்டது. கட்டிலைவிட்டு எழுந்தால் இளைப்பு. பனிக்காலத்தைத் தாண்ட மாட்டார் என்று டாக்டர் அவருடைய மகள் மொரேனாவிடம் சொல்லிவிட்டார்.

"வைக்கோல் கொட்டகைல என் ஸ்பைடர் காரு கெடக்குல்ல, அதுல ஒக்காந்து ஒரே ஒரு தடவ கணவாய் வரைக்கும் போய்ட்டு வந்துடணும்டா" என்றார் ஓட்டெல்லோ.

"அதுக்கென்ன, எஞ்சின எறக்கிடுறேன்."

"நீதான் எறக்கணும். வேற எவனாச்சும் தொட்டான், செத்தப்புறம் வந்து அவன் கார்புரேட்டர்ல தண்ணி ஊத்துவேன்."

"நீ உசுரோட இருக்கறப்பவே நெறைய கார்புரேட்டர்ல தண்ணி ஊத்தினவன்தானடா!"

சிரிக்கப்போய் ஓட்டெல்லோவுக்கு இருமல் வந்துவிட்டது. மொரேனா வந்து முதுகைத் தடவ வேண்டியதாயிற்று.

சிவப்பு நிற ஆல்ஃபா அது, இரண்டே பேர் உட்காரலாம். மொரேனா பிறந்த பிறகு மூடிப்போட்டது. எஞ்சினைக் கழற்றினால் எண்ணெய் கருப்பு அல்வாவாக உறைந்திருந்தது. சிலிண்டர் ஒன்றில் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. லெயார்கோ ஒவ்வொரு நட்டாகப் பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தேய்த்துத் தேய்த்து எடுத்தார். புது லைனர், புது பிஸ்டன், புது பேரிங். கிராங்கைக் கீழே ஊரில் கொடுத்துத் தீட்டி வாங்கினார். வால்வு இடைவெளியைச் சரி செய்வதற்குள் விரல் நுனியெல்லாம் வெட்டுப்பட்டது. அப்படியொரு வேலை எங்கள் மலையில் அதற்கு முன் நடந்ததில்லை, இனி நடக்கப்போவதும் இல்லை. முதல் சாவியிலேயே எஞ்சின் எழுந்தது. கார்புரேட்டர் வாய்களில் ரப்பர் குழாயை வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார். எல்லா வாயும் ஒரே அளவாக மூச்சிழுத்தன. குழாய் வழியாக வந்த அந்த மூச்சு அவருக்கு நன்றாகவே கேட்டது. அவரை ஏமாற்றியது அதுதான்.

வீட்டில் அவர் மனைவி நீவெஸ் வேறு கதை வைத்திருந்தாள்.

"டீவியக் கொறைய்யா. அடுத்த வீட்டு நாய்கூட செய்தி கேட்டுட்டுக் கெடக்கு."

"நீ முணுமுணுன்னு பேசுற. அதுக்கு டீவி என்ன பண்ணும்?"

"நானா முணுமுணுக்கிறேன்? எங்கம்மாவுக்கு மலைக்கு அந்தாண்ட கேக்கும் என் கொரல். ஒரு நட டாக்டர்ட்ட காதக் காட்டிட்டு வா."

"என் காதப் பத்தி மொடேனால போய்க் கேளு, சொல்லுவானுங்க."

டைமிங் வைக்கத் தனியாகவே ஏற்றத்துக்குப் போனார். திருப்பினார், ஏற்றினார், சத்தம் இல்லை. மறுபடி இறங்கி வந்து இன்னும் திருப்பினார். அப்போதும் இல்லை. கம்பெனிப் புத்தகத்தில் போட்ட குறியைத் தாண்டியாயிற்று. அந்த இடத்தில் வேறொருவன் நின்று யோசித்திருப்பான். அவருக்கு யோசனை வேறு வழியில் போனது. இப்போது வருகிற பெட்ரோல் அந்தக் காலத்துப் பெட்ரோல் இல்லை, அதனால் எஞ்சின் தாங்குகிறது என்று முடிவு கட்டினார். அதிலும் தான் பூட்டிய எஞ்சின். தாங்காமல் என்ன செய்யும்? ஒரு மயிரிழை பின்னால் இழுத்து முடுக்கிவிட்டு, நேராக மதுக்கடைக்குப் போனார்.

"குறியத் தாண்டி எடுக்குதுடா என் எஞ்சின்!" என்றார்.

கடைக்காரன் வைனெர் கிளாஸில் லாம்ப்ருஸ்கோ ஒயினை ஊற்றிக்கொண்டே, "கம்பெனிக்காரன் தப்பாக் குறி போட்டுட்டானோ என்னவோ. நீங்க போய்ச் சொல்லிக் குடுங்க" என்றான். கடையே சிரித்தது. லெயார்கோவும் சிரித்தார்.

பனிக்காலத்துக்கு முன்னால், கஷ்கொட்டைக் காய்கள் உதிரத் தொடங்கிய ஒரு ஞாயிறு. மொரேனா அப்பாவுக்குக் கம்பளித் தொப்பி மாட்டி, போர்வை சுற்றி, வண்டிக்குள் லெயார்கோ பக்கத்தில் இறக்கி உட்கார வைத்தாள். தன் சின்ன காரில் பின்னால் வந்தாள். கூரையைத் திறந்துவிடச் சொல்லி அடம் பிடித்தார் ஓட்டெல்லோ. ஊரைத் தாண்டும்வரை தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் போப்பாண்டவர் மாதிரி கையை ஆட்டிக்கொண்டு போனார்.

ஏற்றம் தொடங்கியதும் லெயார்கோ காலை அழுத்தினார். வண்டி பிய்த்துக்கொண்டு ஏறியது. ஓட்டெல்லோவின் கை கதவின் விளிம்பைப் பிடித்தது. முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பட்டறையில் வேலை பார்த்த நாட்களில் சாய்வதுபோல. லெயார்கோ அதைப் பார்த்தார். ரசிக்கிறான் என்று நினைத்தார்.

"எப்பிடிடா இருக்கு?"

ஓட்டெல்லோ அவரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார்.

"ஓட்டு" என்றார்.

கணவாய் உச்சியில் நட்டிருந்த சிலுவை மேலே கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே எஞ்சினின் இழுப்பு சட்டென்று தளர்ந்தது. பின்னால் நீலப் புகை ரோட்டை மறைத்தது. ஓரங்கட்டி நிறுத்தினார். இறங்கி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். முனையில் வெள்ளை வெள்ளையாக உருகிய உலோகப் பொட்டு. பிஸ்டன் தலை ஓட்டையாகிவிட்டது. நாக் அடித்து அடித்துத்தான் அப்படி ஓட்டையாகும். ஏறிய வழியெல்லாம் அடித்திருக்கிறது. அவர் அந்த பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார். காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. காற்றும் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மொரேனா அப்பாவைத் தன் காருக்கு மாற்றினாள். "நான் மேல கூட்டிட்டுப் போறேன்ப்பா, இதோ தெரியுதே" என்றாள்.

"இந்த டப்பாலயா? வீட்டுக்கு விடு."

மறுநாள் லெயார்கோ போய்க் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

"உனக்குக் கேட்டுச்சா?"

"ம்."

"எங்கேருந்து?"

"தேவாலயம் தாண்டி மொதல் வளைவுலயே."

"அப்ப ஏன்டா சொல்லல? நிறுத்திருப்பேனே! ஒரு ஸ்பானர் வேல. திருப்பி முடுக்கிட்டு மேல போயிருக்கலாமே!"

ஓட்டெல்லோ மூச்சைச் சேர்த்துக்கொள்ள நேரம் எடுத்தார். "வாழ்க்க முழுக்க என்னை வாயத் தொறக்க விட்டதில்ல நீ. சாகப்போற நேரத்துல பழக்கத்த மாத்துன்னா எப்பிடி?"

"வெளையாடாத."

"வெளையாடல. மழையில நடந்தவனுக்குத்தான் தெரியும். நீ காதத் தீட்டிக்கிட்டு ஓட்டிட்டிருந்த. மொகத்துல அவ்ளோ பெரும. உனக்குக் கேக்கலன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? மேல போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன். நீ பூட்டின எஞ்சினாச்சே" என்றார்.

லெயார்கோ எழுந்து போய்ப் பட்டறையில் அன்றைக்கே எஞ்சினை மறுபடி இறக்கினார். பிஸ்டன் மிலானிலிருந்து வர வேண்டியிருந்தது. அது வருவதற்குள் முதல் பனி விழுந்தது, ஓட்டெல்லோ போய்விட்டார்.

அடக்கம் முடிந்து எல்லாரும் வைனெர் கடையில் நின்றார்கள். லெயார்கோவின் முகத்தைப் பார்த்து, நல்லெண்ணத்தோடுதான், வைனெர் பேச்சை எடுத்தான். "பெட்ரோல்ல கலப்படமா இருந்திருக்கும். இப்பல்லாம் எத நம்புறது?"

தலையை ஆட்டியிருந்தால் போதும், பேர் தப்பியிருக்கும். நீவெஸ்கூட அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெட்ரோல் நல்ல பெட்ரோல்" என்றார் லெயார்கோ. "டைமிங் தப்பு. எனக்குக் காது கேக்கல."

அதற்குப் பிறகு பந்தய வண்டி ஒன்றும் மலையேறி வரவில்லை.

பனி உருகியதும் பிஸ்டனைப் பூட்டி, மொரேனாவை வரச்சொன்னார். ஸ்டியரிங்கில் அவளை உட்கார வைத்துவிட்டு, அப்பா உட்கார்ந்த இடத்தில் அவர் உட்கார்ந்தார்.

"ஏத்து. உள்ள சத்தம் மாறுச்சுன்னா உடனே சொல்லு."

"எனக்கு இதெல்லாம் தெரியாது மாமா. நான் டைல்ஸ் பேக்டரில வேல பாக்கறவ."

"காது இருக்குல்ல? போதும்."

தேவாலயத்தைத் தாண்டி முதல் வளைவு. அவள் முகம் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. லெயார்கோவுக்குக் காற்று மட்டும்தான், அதுவும் எங்கோ தூரத்தில்.

"மாமா..." என்று தயங்கினாள் அவள். "இருக்கோ என்னமோ. சரியாச் சொல்லத் தெரியல."

"சொல்லும்மா. தப்பாயிருந்தாலும் பரவால்ல, சொல்லிடு."

அவள் ஓரங்கட்டி நிறுத்தினாள். அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய் பானட்டைத் திறந்தார். திறந்தவர் குனியாமல், ஓட்டெல்லோவும் இதே வளைவில்தானே கேட்டான் என்ற நினைப்பில் வெகுநேரம் அப்படியே நின்றார். மொரேனா ஹாரனை அடித்துக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை.