எஸ்தர் மேடத்தின் சீக்கு மீன்கள்

எஸ்தர் மேடம் இன்று காலை இறந்துவிட்டார். மாரடைப்பு.

எங்கள் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். நான் வேதியியல். எதிரெதிர் ஆய்வகம்.

மதியத்துக்குள் கல்லூரியின் இணையப் பக்கத்தில் அஞ்சலி வந்துவிட்டது. "ஆராய்ச்சிக்கே தன்னை அர்ப்பணித்தவர்." படத்தில் மேடம், பக்கத்தில் தொட்டி, தொட்டியில் தங்க மீன்கள்.

அந்தத் தங்க மீன்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்...

மேடம் வளர்த்தவை ஜீப்ரா மீன்கள். பரம்பரையாக வரும் தசை நோயை ஆராயப் பெரும்பாலும் எலிகளைத்தான் வளர்ப்பார்கள். மேடம் மாற்றாக இந்த மீனைத் தேர்ந்தார். குஞ்சின் உடல் கண்ணாடி போன்றது. தசைநார் அறுவதை உயிரோடு இருக்கும்போதே மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம்.

கேன்டீனில் இயற்பியல்காரர் ஒருவர் சீண்டினார். "கடலப் பக்கத்துல வச்சிக்கிட்டு தொட்டியில மீனு வளக்கியளே மேடம், கொழம்புக்காவது ஆவுமா?"

"ஆவாது சார். உங்க மூள மாதிரிதான், ஒரு சட்டிக்குக் காணாது."

அந்தத் தசை நோய்தான் மேடத்தின் தம்பி ஜெபராஜுக்கும். சாயர்புரத்து வீட்டில், சக்கர நாற்காலியில். மாலையில் அக்கா நுழைந்ததும் கேட்பார்: "எக்கா, நம்ம சொக்காரனுவ இன்னைக்கு நீந்துனானுவளா?" ஒரே நோய் என்பதால் அந்த மீன்கள் அவருக்குச் சொந்தக்காரர்கள்.

போன ஜூலையில் ஒருநாள் கல்லூரிக்குத் தர ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. மேடம் அன்று விடுப்பு. துறைத்தலைவர் தொட்டிகளைப் பார்த்துவிட்டு உதவியாளரிடம் சொன்னாராம்: "என்னலே, எல்லாம் சீக்கு மீனா கெடக்கு? வாறவன் பாத்தா நம்மள என்ன நெனப்பான்? தூக்கிக் கொட்டு."

நீந்த முடியாத மீன்கள் சாக்கடைக்குப் போயின. அந்த நோயைக் குஞ்சுகளுக்குக் கடத்தும் தாய் மீன்களும் போயின... நிறம் போதவில்லையாம். கடையிலிருந்து தங்க மீன்கள் வந்தன. குழு பாராட்டியது.

இது நடந்தது விலங்கியல் துறையில்.

மறுநாள் துறைத்தலைவரிடம் மேடம் கேட்டது ஒன்றுதான். "சீக்குதான சார் என் வேலையே?"

"நல்ல மீனுதான வாங்கி விட்டிருக்கேன். அதுக்கும் கோவமா?"

அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. முனைவர் பட்டம் பெற்றவர்.

வெளியூர் ஆய்வகத்திலிருந்து மறுபடி முட்டை வரவழைக்க மேடம் அனுமதி கேட்டார். "பாப்பம்" என்றார் துறைத்தலைவர். இன்று வரை பார்த்துக்கொண்டிருக்கிறார். நேர்த்தியான அந்த அஞ்சலியும் அவர் எழுதியதே.

மீன்கள் போனதைத் தம்பியிடம் மேடம் சொல்லவில்லை. "நீந்துதானுவலே" என்றே தினமும் சொல்லிவந்ததாக என்னிடம் ஒருமுறை சொன்னார்.

பிற்பகல் சாயர்புரம் போனேன். ஜெபராஜ் அழவில்லை. என் கையைப் பிடிக்க முயன்றார், கை எழவில்லை.

"சார், அக்கா போயிட்டா. இனி அவனுவளுக்கு எரை போடுறது யாரு?"

துறைத்தலைவர் நாளை அடக்கத்துக்கு மாலையோடு வருகிறாராம். ஜெபராஜ் வாசலில்தான் இருப்பார். உங்களிடமும் கேட்பார், சார். பதிலோடு வாருங்கள்.

போய் வாருங்கள், மேடம்.