பொந்தின் வாயில் நின்ற காட்டுப்பூனை

எண்பதுகளின் தொடக்கத்தில் மட்டாஞ்சேரி அரிசிக் கிடங்கு ஒன்றில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தேன். சிந்திய அரிசியைப் போட்டுப் பின்பக்கம் வாத்து வளர்த்தேன். அவை ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. தெருநாய்களின் வேலை என்று நினைத்தேன்.

"நாயில்லடி, காட்டுப்பூச்சயாக்கும். நான் கண்டேன்" என்றார் கூட வேலை செய்த நபீசா இத்தா. பூனையை மலையாளத்தில் பூச்ச என்பார்கள்.

ஒரு மத்தியானம் வாத்துகள் அலறின. இன்று அதைக் கொன்றுவிடுவது என்று உலக்கையோடு ஓடினேன். இடிந்த சுவரின் பொந்தைத் தெருநாய்கள் வளைத்திருந்தன. பொந்தின் வாயில் குட்டை வாலும் நுனியில் கறுப்பு மயிர் நின்ற காதுகளுமாக அந்தப் பூனை நின்றது. உள்ளே குட்டிகள் கத்தின. சுவரேறித் தப்பியிருக்கலாம், போகவில்லை. பாய்ந்து ஒரு நாயின் மூக்கைக் கிழித்தது. இன்னொரு நாய் அதன் பின்னங்காலைக் கவ்வி உதறியதில் சதை பிய்ந்து தொங்கியது.

என்ன நினைத்தேனோ, நாய்களை அடித்தேன். ரத்தம் தெறிக்க அவை ஓடின. பூனையருகே குனிந்தேன். அது என் கையில் எலும்புவரை பல்லை இறக்கியது.

"அடிச்சுக் கொல்லடி!" என்று இத்தா கத்தினார்.

உலக்கை மறுகையில்தான் இருந்தது. ஓங்க முடியவில்லை. பூனையே பிடியை விட்டு, என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பொந்துக்குள் பின்வாங்கியது.

ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். மறுநாள் பொந்து காலியாக இருந்தது. அந்தக் காலோடு குட்டிகளைக் கவ்விக்கொண்டு போயிருக்கிறது.

"காப்பாத்தின உன்னையே கடிச்சல்லோ, நன்றிகெட்டது!" என்றார் இத்தா.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் ஓடியது அதைக் கொல்லத்தான். அது என்னைச் சரியாகத்தான் புரிந்துகொண்டது.